கௌரி லட்சுமி பாயி

கௌரி லட்சுமி பாயி (1791 – 1815) திருவிதாங்கூர் நாட்டை 1810 முதல் 1813 வரை அரசியாகவும், 1813 முதல் 1815 வரை தம் கைக்குழந்தை சுவாதித் திருநாளின் சார்பில் அரசப் பிரதிநிதியாகவும் ஆண்டவர் ஆவார். அடிமை வணிகத்தைத் தடை செய்தது, நீதிமன்றங்களை ஏற்படுத்தியது, கோயில் சொத்துகளை அரசின் மேற்பார்வைக்குக் கொண்டு வந்தது ஆகியவை இவர் ஆட்சியின் முதன்மையான செயல்களாகக் கருதப்படுகின்றன. பெரியம்மை நோய்க்கான தடுப்பூசி 1813 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அறிமுகமானதும் இவர் காலத்தில்தான். மக்களின் அச்சத்தைப் போக்க, அரசியும் அரச குடும்பத்தினரும் முதலில் தடுப்பூசி போட்டுக்கொண்டனர்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அக்காலத்தில் திருவிதாங்கூரின் தென்பகுதியாக இருந்தன. எனவே இவருடைய ஆணைகள் தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டுக்கும் உரியவையாக இருந்தன.

பின்னணி

பதினெட்டாம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மாவும் அவருக்குப் பின் கார்த்திகைத் திருநாள் ராம வர்மாவும் திருவிதாங்கூரை வலிமையான நாடாக வளர்த்தனர். பத்மநாபபுரம் அதன் தலைநகராக விளங்கியது. கார்த்திகைத் திருநாளின் ஆட்சிக் காலத்திலேயே தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நெல்வயல்களும் குளங்களும் நிறைந்த நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரும் வணிகர்களும் பயணிகளும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவே பெரும்பாலும் இந்நாட்டுக்குள் நுழைந்தனர்.

1798 இல் அவிட்டம் திருநாள் பாலராம வர்மா அரசரானார். இவர் காலத்தில் கல்குளம் பகுதியைச் சேர்ந்த தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி திவானாகப் பதவி ஏற்றார். 1805 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தொகை நாட்டின் வருவாய்க்கு மிகுந்த சுமையாக இருந்தது. நிலுவை பெருகப் பெருகப் பகையும் வளர்ந்தது. 1809 ஆம் ஆண்டு சனவரியில் வேலுத்தம்பி குண்டறையில் தம் அறிக்கையை வெளியிட்டார். பிப்ரவரியில் கம்பனிப் படை ஆரல்வாய்மொழிக் கோட்டை அரண்களைக் கடந்து நாஞ்சில் நாட்டுக்குள் புகுந்தது. உதயகிரிக் கோட்டையும் பத்மநாபபுரமும் அதன் கைக்கு வந்தன. வேலுத்தம்பி மண்ணடியில் உயிர் துறந்தார். அவருக்குப் பின் உம்மிணித் தம்பி திவானானார்.

போர்த் தோல்வி, கடன், அயலாரின் ஆதிக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த இச்சூழலில்தான் லட்சுமி பாயி அரசுப் பொறுப்பை ஏற்க நேர்ந்தது.

பிறப்பும் குடும்பமும்

கௌரி லட்சுமி பாயி 1791 ஆம் ஆண்டு (கொல்லம் ஆண்டு 966) பிறந்தார். தாயார் ஆற்றிங்கல் மூத்த ராணியான பரணித் திருநாள் ஆவார். பரணித் திருநாளும் அவருடைய தங்கையும் 1788 இல் கோலத்துநாட்டு அரச குடும்பத்திலிருந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குத் தத்தெடுக்கப்பட்டவர்கள். லட்சுமி பாயியின் தங்கை கௌரி பார்வதி பாயி 1802 இல் பிறந்தார்.

திருவிதாங்கூர் அரசுரிமை மருமக்கள் வழியில் அமைந்தது. அரசருக்குப் பின் அவருடைய மகன் பட்டத்துக்கு வருவதில்லை. சகோதரியின் மகனே வருவார். இம்முறை நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் நிலவியது. இதனால் விளைந்த இன்னல்களைப் பின்னாளில் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் என்னும் நூலாக எழுதினார். இம்முறையின்படி, அரச குடும்பத்துப் பெண்களுக்கு ஆண் குழந்தை இல்லாத வேளையில் அரசுரிமை பெருஞ்சிக்கலுக்கு உள்ளாகும்.

லட்சுமி பாயி சங்ஙனாச்சேரி அரண்மனையைச் சேர்ந்த இராசராச வர்மா கோயில் தம்புரானை மணந்தார். இவர்களுக்கு 1809 இல் ருக்மிணி பாயி என்னும் பெண் குழந்தை பிறந்தது.

ஆட்சிக்கு வருதல்

1810 ஆம் ஆண்டு நவம்பரில் பாலராம வர்மா இறந்தார். அப்போது அரச குடும்பத்தில் பட்டத்துக்குரிய ஆண் வாரிசு எவரும் இல்லை. மாவேலிக்கரையைச் சேர்ந்த கேரள வர்மா அரசுரிமை கோரினார். லட்சுமி பாயி தம் உரிமையைக் கம்பனியின் ரெசிடெண்டாக அவ்வாண்டு பொறுப்பேற்ற கர்னல் ஜான் மன்றோவிடம் முறையிட்டார். கேரள வர்மாவின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவர் பின்னர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டார். ஏறத்தாழ இருபது வயதில் லட்சுமி பாயி நாட்டின் அரசியானார்.

அடுத்த ஆண்டில் அரசி உம்மிணித் தம்பியைப் பதவியிலிருந்து நீக்கினார். நம்பத்தக்க ஆள் வேறு எவரும் இல்லை எனக் கருதி, ரெசிடெண்டான மன்றோவையே திவானாகவும் நியமித்தார். அயல்நாட்டுக் கம்பனியின் பேராளரே உள்நாட்டு நிருவாகத்தின் தலைவராகவும் அமைந்தது திருவிதாங்கூர் வரலாற்றில் புதுமையான நிகழ்வு ஆகும். 1814 வரை மன்றோ இவ்விரு பொறுப்புகளையும் வகித்தார்.

நிருவாகச் சீர்திருத்தங்கள்

அதுவரை வரி தண்டுதல், காவல், நீதி வழங்குதல் ஆகிய மூன்றும் காரியக்காரர் என்னும் அலுவலரிடமே குவிந்திருந்தன. இது முறைகேடுகளுக்கு இடமளித்தது. 1811 இல் நீதித்துறை தனியே பிரிக்கப்பட்டது. பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா ஆகிய ஐந்து இடங்களில் மாவட்ட நீதிமன்றங்கள் ஏற்படுத்தப்பட்டன. தென்பகுதி மக்கள் தம் வழக்குகளைப் பத்மநாபபுரத்திலேயே தொடுக்க வழி பிறந்தது. காரியக்காரர் பதவி தாசில்தார் என மாற்றப்பட்டு, வருவாய்ப் பணிக்குரியதாக ஆக்கப்பட்டது.

348 பெருங்கோயில்களும் 1171 சிறு கோயில்களும் அவற்றின் நிலங்களுடன் அரசின் நேரடி நிருவாகத்துக்குக் கொண்டு வரப்பட்டன. இதனால் அரசின் வருவாய் உயர்ந்தது. அதே வேளையில் கோயில்களின் செலவுப் பொறுப்பும் அரசுக்கு உரியதாயிற்று.

1812 இல் அடிமைகளை வாங்குவதும் விற்பதும் அரச ஆணையால் தடை செய்யப்பட்டன. எனினும் நிலத்தோடு பிணைக்கப்பட்டிருந்த உழவடிமைகளுக்கு இவ்வாணை பொருந்தவில்லை. இவர்கள் விடுதலை பெற 1855 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தென்திருவிதாங்கூரில் கிறித்தவ சமயத்தைத் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் மேலாடை அணிய அனுமதிக்கும் ஆணையும் மன்றோவின் காலத்தில் பிறப்பிக்கப்பட்டது. மேல்சாதியினர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். தோள்சீலைக் கலகம் என அழைக்கப்படும் இப்போராட்டம் 1859 வரை நீடித்தது. ஆணை பிறப்பிப்பது ஒன்று, அது ஊரில் நடைமுறைக்கு வருவது வேறொன்று என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

பெரியம்மையும் மக்கள் வழக்கங்களும்

பெரியம்மை தீ நுண்மியால் உண்டாகும் தொற்றுநோய் ஆகும். நோயாளியின் மூச்சு, எச்சில் துளிகள், கொப்புள நீர், அவர் பயன்படுத்திய துணிகள் ஆகியவற்றால் இது பரவியது. தொற்றிய பின் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் காய்ச்சலும் அதனையடுத்து கொப்புளங்களும் தோன்றும். கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு முழுவதும் உதிரும் வரை நோயாளியிடமிருந்து பிறருக்குத் தொற்ற வாய்ப்பு உண்டு. பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் இறந்தனர். பிழைத்தவர்கள் முகத்தழும்புகளுடனும், சிலர் பார்வை இழந்தும் வாழ்ந்தனர். ஒருமுறை நோய் வந்து பிழைத்தவருக்கு அது பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை.

தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே நாஞ்சில் நாட்டிலும் இந்நோய் அம்மை எனவும், வைசூரி எனவும் அழைக்கப்பட்டது. அது அம்மனின் வருகையாகக் கருதப்பட்டது. இம்மாவட்டத்தின் ஊர்தோறும் காணப்படும் முத்தாரம்மன் கோயில்களின் வழிபாட்டில் இந்நம்பிக்கை இன்றும் தொடர்கின்றது. முத்து என்னும் சொல் அம்மைக் கொப்புளத்தையும் குறிக்கும்.

அம்மை கண்ட வீட்டுக்கெனத் தனி ஒழுங்கு இருந்தது. வாசலில் வேப்பிலை செருகப்படும். அயலார் அவ்வீட்டுக்குள் நுழைவதில்லை. வீட்டாரும் மணவீடுகளுக்கும் பிற விசேடங்களுக்கும் செல்வதில்லை. சமையலில் தாளிப்பு நிறுத்தப்படும். பொருக்கு உதிர்ந்த பின், வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரால் நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் விடப்படும். பல இடங்களில் இது சில நாள் இடைவெளியுடன் மும்முறை செய்யப்பட்டது. அதன் பின்னரே அவ்வீடு மீண்டும் ஊரோடு கலந்து பழகும்.

இவ்வழக்கத்தின் நோக்கம் சமயம் சார்ந்தது. ஆயினும் எப்போது வீட்டை மூடுவது, எப்போது திறப்பது என்னும் வினாவுக்கு அது தெளிவான விடையைக் கொண்டிருந்தது. நோயாளியின் உடலில் காணும் அடையாளத்தை வைத்தே வீடு திறக்கப்பட்டது. பிற்காலத் தனிமைப்படுத்தல் விதிகளும் இதே அடிப்படையில் அமைந்தவையே. எனினும் இவ்வழக்கத்தால் நோயைத் தள்ளி வைக்க முடிந்ததேயன்றி, தொற்றாமல் உடலைக் காக்க முடியவில்லை.

தடுப்பூசி இந்தியாவுக்கு வந்த வழி

இங்கிலாந்து மருத்துவர் எட்வர்டு ஜென்னர் 1796 இல், மாட்டம்மைக் கொப்புள நீரை ஒரு சிறுவனின் கையில் செலுத்தி, அவனுக்குப் பெரியம்மை தொற்றாததைக் கண்டறிந்தார். 1798 இல் இதனை நூலாக வெளியிட்டார். சில ஆண்டுகளில் இம்முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இந்தியாவுக்கு இதனைக் கொண்டு வருவது எளிதாக இருக்கவில்லை. நூலிலும் கண்ணாடித் தகட்டிலும் உலர்த்தி அனுப்பப்பட்ட கொப்புள நீர் நீண்ட கடற்பயணத்தின் வெப்பத்தில் வீரியம் இழந்தது. இறுதியில் பாக்தாது, பாசுரா வழியாக, ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி அது கொண்டு வரப்பட்டது. 1802 ஆம் ஆண்டு சூன் 14 அன்று பம்பாயில் அன்னா டசுத்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குத் தடுப்பூசி போடப்பட்டது. இந்தியாவில் வெற்றியுடன் போடப்பட்ட முதல் தடுப்பூசி இதுவே. அவளுடைய கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து பிற குழந்தைகளுக்கும், அங்கிருந்து சென்னை, இலங்கை உள்ளிட்ட பிற இடங்களுக்கும் இச்சங்கிலி நீண்டது.

கைக்குக் கை மாற்றும் இம்முறை பின்வருமாறு நடைபெற்றது:

- குழந்தையின் மேற்கையில் சிறு கத்தியால் கீறி, மாட்டம்மை நீர் தடவப்படும்.
- சில நாட்களில் அவ்விடத்தில் ஒரு கொப்புளம் எழும்.
- ஏறத்தாழ எட்டாம் நாள் அக்கொப்புளம் முதிர்ந்திருக்கும். அன்று அதிலிருந்து எடுக்கப்படும் நீர் அடுத்த குழந்தைகளுக்குச் செலுத்தப்படும்.
- அந்நாளில் குழந்தையை மீண்டும் கொண்டு வராவிட்டால், அவ்வூரில் சங்கிலி அறுந்துவிடும்.

எனவே அக்காலத் தடுப்பு மருந்து குப்பியில் அடைத்து வைக்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அது மக்களின் கைகளிலேயே உயிர் வாழ்ந்தது. மக்கள் மனமுவந்து திரும்பி வந்தால் மட்டுமே அது ஓர் ஊரில் நிலைக்கும். மக்களின் நம்பிக்கை இங்கு நல்லாட்சிக்கு அணிகலன் மட்டுமன்று. மருத்துவ முறை இயங்குவதற்கே அது இன்றியமையாததாக இருந்தது.

1813: திருவிதாங்கூரில் தடுப்பூசி

1813 இல் திருவிதாங்கூரில் தடுப்பூசி போடுவதற்கான அரசு ஏற்பாடு தொடங்கியது. மக்கள் இதனை ஏற்கத் தயங்கியதற்குப் பல காரணங்கள் இருந்தன. மாட்டிலிருந்து தோன்றிய நோய்நீரை உடலில் ஏற்றுவது பலருக்கு அருவருப்பைத் தந்தது. அம்மனின் செயலில் மனிதர் குறுக்கிடுவது அவளுடைய சினத்தைத் தூண்டும் என்ற அச்சம் இருந்தது. தீண்டாமை கடுமையாக நிலவிய நாட்டில், வேறு சாதிக் குழந்தையின் கைநீரைத் தம் குழந்தைக்கு ஏற்றுவதை ஏற்கப் பெற்றோர் மறுத்தனர். இம்முறையைக் கொண்டு வந்தவர்கள் நான்கு ஆண்டுகளுக்கு முன் நாட்டின் மீது படையெடுத்த கம்பனியார் என்பதும் ஐயத்துக்கு இடமளித்தது.

இந்நிலையில் அரசியும் அரச குடும்பத்தினரும் முதலில் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். திருவிதாங்கூர் அரசர்கள் தம்மைப் பத்மநாபசாமியின் தாசர்களாகக் கருதியவர்கள். சமய ஒழுக்கத்தை வழுவாது பின்பற்றியவர்கள். அத்தகைய குடும்பத்தினர் இதனை ஏற்றமை, சமயத்துக்கு இது முரணானதன்று என்பதை ஆணையைக் காட்டிலும் தெளிவாக எடுத்துரைத்தது. அரசுரிமையே ஒரு சில உயிர்களைச் சார்ந்து நின்ற காலத்தில் இம்முடிவு எடுக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1805 அளவில், மைசூர் அரச குடும்பத்துப் பெண்களை ஓவியர் தாமசு இக்கி வரைந்த ஓவியம் ஒன்று உள்ளது. அது தடுப்பூசியைப் பரப்பும் நோக்கில் வரையப்பட்டிருக்கலாம் என வரலாற்றாய்வாளர் சிலர் கருதுகின்றனர். அரச குடும்பப் பெண்களின் முன்மாதிரியைக் கொண்டு மக்களின் தயக்கத்தை நீக்கும் முயற்சி திருவிதாங்கூரில் மட்டும் நிகழ்ந்ததன்று என இதனால் அறியலாம்.

அரசப் பிரதிநிதி

1813 ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று லட்சுமி பாயிக்கு ஆண் குழந்தை பிறந்தது. இக்குழந்தையே பின்னாளில் இசைப்புலவராகப் புகழ்பெற்ற சுவாதித் திருநாள் ஆவார். இவரைத் தாலாட்டுவதற்காக இரயிம்மன் தம்பி இயற்றிய பாடல் இன்றும் கேரளத்தில் பாடப்படுகின்றது. குழந்தை பிறந்த சில மாதங்களில், அரசவையைக் கூட்டி அதனை அரசராக அறிவித்தார் லட்சுமி பாயி. அன்று முதல் அவர் அரசி என்னும் நிலையிலிருந்து அரசப் பிரதிநிதி என்னும் நிலைக்கு மாறினார். பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்த இந்த ஆண் வாரிசால், திருவிதாங்கூரைக் கம்பனி தன் ஆட்சியில் இணைத்துக்கொள்ளும் என்ற அச்சம் தணிந்தது.

1814 ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது மகன் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பிறந்தார். அதன் பின் லட்சுமி பாயியின் உடல்நலம் குன்றியது. 1815 இல் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. குழந்தைப் பருவ அரசரும், கைக்குழந்தையும், சிறு வயது மகளும் தாயை இழந்தனர்.

அவருடைய தங்கை கௌரி பார்வதி பாயி இளம் வயதிலேயே அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்று 1829 வரை ஆண்டார். 1817 இல் அவர் கல்விக்கு அரசே செலவிட வேண்டும் என்னும் ஆணையைப் பிறப்பித்தார். நாகர்கோவிலில் இலண்டன் மிசன் சங்கத்தார் 1819 இல் தொடங்கிய கல்விக்கூடத்துக்கும் உதவினார். இவ்வாறு தமக்கையின் காலத்தில் தடுப்பூசியும், தங்கையின் காலத்தில் பள்ளிகளும் நாட்டில் வேரூன்றத் தொடங்கின. பின்னாளில் இவை இரண்டும் ஒரே விதியில் இணைந்தன.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் வந்த விதி

லட்சுமி பாயி காலத்துத் தடுப்பூசி, விரும்பியவர்களுக்கு உரியதாகவே இருந்தது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின், 1879 இல், ஆயில்யம் திருநாளின் ஆட்சியில் ஓர் அரச அறிக்கை வெளியிடப்பட்டது. மாணவர்கள், அரசு அலுவலர்கள், சிறைக் கைதிகள் ஆகியோர் தடுப்பூசி போட்டுக்கொள்வதை அது கட்டாயமாக்கியது. அப்போது திவானாக இருந்தவர் நெய்யூரைச் சேர்ந்த நாணு பிள்ளை ஆவார். அதே நெய்யூரில் 1838 முதல் இலண்டன் மிசன் சங்கத்தாரின் மருத்துவப் பணியும் நடைபெற்று வந்தது.

இவ்வறிக்கை நாட்டு மக்கள் அனைவரையும் ஒரே நேரத்தில் கட்டாயப்படுத்தவில்லை. பலர் நெருங்கிக் கூடுகின்ற, அரசின் பொறுப்பில் உள்ள இடங்களையே அது முதலில் தேர்ந்தெடுத்தது. வகுப்பறையில் ஒரு குழந்தைக்கு நோய் வந்தால் அது பல வீடுகளுக்குச் செல்லும் என்பதே இத்தகைய விதியின் அடிப்படை. இங்கிலாந்தில் 1853 இல் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. அங்கு எழுந்த எதிர்ப்பு, 1885 இல் இலெசுட்டர் நகரில் மாபெரும் ஊர்வலமாக வெளிப்பட்டது. மனச்சான்றின்படி மறுப்போருக்கு விலக்களிக்கும் சட்டம் 1898 இல் அங்கு இயற்றப்பட்டது.

1896 இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது, இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டம் 1897 இல் இயற்றப்பட்டது. புனேயில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனை செய்தமை மக்களைக் கொதிப்படையச் செய்தது. பிளேக் அதிகாரி இராண்டு அவ்வாண்டிலேயே கொல்லப்பட்டார். நோயைத் தடுக்கும் நோக்கம் சரியாக இருந்தும், மக்களின் மதிப்பைப் பெறாத நடவடிக்கை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இது சான்றாகும்.

ஒழிப்பும் பிற்காலத் தொற்றும்

1813 இல் தொடங்கிய பணியால் பெரியம்மை உடனே மறைந்துவிடவில்லை. ஒருமுறை போட்ட தடுப்பூசியின் காப்பு சில ஆண்டுகளில் குறைந்துவிடும் என்பதும், மீண்டும் போட வேண்டும் என்பதும் பின்னரே தெளிவாயின. கைக்குக் கை மாற்றும் முறையால் வேறு நோய்கள் பரவும் இடரும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுகளிலிருந்து மருந்து எடுக்கும் முறை படிப்படியாக அதற்கு மாற்றாக வந்தது. இருபதாம் நூற்றாண்டில் வெப்பத்தைத் தாங்கும் உறைய வைத்து உலர்த்திய மருந்தும், இருமுனை ஊசியும் பணியை எளிதாக்கின.

1956 ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. 1962 இல் இந்தியாவில் தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1975 இல் இந்நாட்டின் இறுதி நோயாளி கண்டறியப்பட்டார். 1980 ஆம் ஆண்டு மே மாதம் உலக நலவாழ்வு மன்றம் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

2020 இல் கோவிட்-19 பெருந்தொற்று பரவியபோது, அம்மை கண்ட வீட்டைப் பற்றி எழுந்த பழைய வினா நாடு முழுவதற்கும் உரியதாயிற்று: எதை மூடுவது, எப்போது, எந்த நிபந்தனையுடன் திறப்பது? மார்ச் மாதத்தில் தமிழகத்தின் பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. 2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான வகுப்புகளும், நவம்பர் 1 அன்று ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளும் மீண்டும் திறக்கப்பட்டன. முகக்கவசம், இருக்கைகளுக்கிடையே இடைவெளி, ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் தடுப்பூசி ஆகியவை விதிகளாக இருந்தன. அந்நவம்பரில், கடைகள், திரையரங்குகள் போன்ற பொது இடங்களுக்கு வருவோர் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என 1939 ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவுறுத்தப்பட்டது. தொற்றுக் குறைந்த பின் இவ்விதிகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. 1879 ஆம் ஆண்டு அறிக்கையைப் போலவே, இவையும் மக்கள் கூடும் இடத்தின் வாயிலையே காவலுக்குரிய இடமாகக் கொண்டன.

மதிப்பீடு

லட்சுமி பாயியின் ஆட்சிச் செயல்களில் அரசியின் பங்கு எவ்வளவு, மன்றோவின் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சீர்திருத்தங்களின் வடிவமும் நிருவாகமும் பெரும்பாலும் மன்றோவுடையவை என்பதை மறுக்க இயலாது. கம்பனிக்குச் செலுத்த வேண்டிய தொகையைத் திரட்டும் நோக்கமும் அவற்றில் சிலவற்றுக்கு உண்டு. அடிமை வணிகத் தடை முழுமையானதாக இல்லை.

தடுப்பூசியைப் பொறுத்தவரை நிலைமை சற்று வேறானது. மருந்தைத் தருவிக்கவும் ஊசியாளர்களை நியமிக்கவும் திவானால் இயலும். மக்கள் தம் குழந்தையின் கையை நீட்டுவதற்கான காரணத்தை அவரால் தர இயலாது. அதனை அரசியே தந்தார். அவர் காலத்தில் தடுப்பூசி பெற்றவர்கள் நாட்டு மக்களில் சிறு பகுதியினரே. ஆயினும் பிறருக்கு விதிக்கும் ஒன்றை ஆள்வோர் முதலில் தாமே ஏற்க வேண்டும் என்னும் நெறி, திருவிதாங்கூரின் பொதுநலவாழ்வு வரலாற்றின் தொடக்கத்திலேயே இவரால் நிறுவப்பட்டது. தென்னிந்தியாவில் தடுப்பூசி பரவிய வரலாற்றை எழுதுவோர் இவர் பெயரைத் தவறாது குறிப்பிடுவதற்கு இதுவே காரணமாகும்.